இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

"ஊசி போடுவியாம்மா?"

சான்றிதழை எடுத்துக்கொண்டு நான் வேலை கேட்டுப் போன முதல் இடத்தில், உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்ட கேள்வி இது. 2022 ஜூன் மாதம். எனக்கு 19 வயது. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, கீழே மருந்துக்கடையும் மாடியில் பன்னிரண்டு படுக்கைகளுமாக இருந்த சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். "டிரெயினிங்ல பார்த்திருக்கேன் சார்" என்றேன். "பார்த்திருந்தா போதும், நாலு நாள்ல கை வந்துடும்" என்றார் மேனேஜர். மாதம் 7,000 ரூபாய். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்‌ஷீட், பயிற்சிச் சான்றிதழ் மூன்றையும் ஒரிஜினலாகவே கொடுத்துவிட வேண்டும். எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனில் இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டு, "வேலை கிடைச்சிடுச்சும்மா" என்றேன். அம்மா பொத்தேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே யாரிடமோ அவர், "என் பொண்ணு நர்ஸாயிட்டா" என்று சொன்னது போனிலேயே கேட்டது.

நான் நர்ஸ் இல்லை. அந்த வித்தியாசம் எங்கள் தெருவுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அந்த ஆஸ்பத்திரிக்கு அது தேவைப்படவில்லை.

நான் படித்தது ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் படிப்பு. வார்டில் ஜி.டி.ஏ. என்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பல் துலக்கிவிடுவது, உடம்பு துடைப்பது, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது, பெட்பேன் வைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, வீல்சேருக்கு மாற்றுவது, நாடித்துடிப்பும் மூச்சும் எண்ணுவது, சிறுநீரை அளந்து எழுதுவது, எந்தக் குப்பை மஞ்சள் பையில், எது சிவப்பில் என்று பிரிப்பது. இவைதான் பாடம். அரசுத் திட்டத்தில் சேர்ந்ததால் பணம் கட்டவில்லை. சில மாதம் வகுப்பு, பிறகு வார்டில் பயிற்சி, கடைசியில் வெளியிலிருந்து வந்த ஒருவர் பொம்மையை வைத்துத் தேர்வு நடத்தினார். ஊசி அந்தப் பாடத்தில் இல்லை.

நர்ஸ் என்றால் மூன்று வருடம் ஜி.என்.எம். அல்லது நான்கு வருடம் பி.எஸ்சி. முடித்து, தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பெயர் பதிந்தவர். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் பதிவு அது. எங்களுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் உதவியாளராக வேலை செய்ய, 1987இல் வந்த சட்டப்படி, குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் வேண்டும். தேறியவரின் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறும். வேலைக்கு எடுப்பவர் அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதைப் பின்னாளில் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய ஏக்கமாக இருந்தது. பதிவேடு என்பது கௌரவத்துக்காக மட்டும் இல்லை. இவள் இதைச் செய்யலாம், இதற்கு மேல் செய்யச் சொல்லக் கூடாது என்று ஒரு கோடு கிழித்துக் கொடுப்பது அது. அந்தக் கோடு இல்லாத ஊரில், கோட்டை அவளேதான் கிழித்துக்கொள்ள வேண்டும். 19 வயதில், 7,000 ரூபாய் சம்பளத்தில், மேனேஜர் முன்னால் நின்றுகொண்டு.

என்னால் அப்போது முடியவில்லை. வெள்ளைக் கோட் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன். எல்லோரும் "சிஸ்டர்" என்றார்கள். நாலாவது நாள் இடுப்பில் ஊசி போட வைத்தார்கள். இரண்டாவது வாரம் டிரிப்ஸ் பாட்டில் மாற்றச் சொன்னார்கள். நான் கற்ற எதையும் அங்கே யாரும் செய்யச் சொல்லவில்லை. உடம்பு துடைப்பது நோயாளியோடு துணைக்கு இருப்பவர்களின் பாடு. புரட்டிப் படுக்க வைப்பது யார் பாடும் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு நைட் டியூட்டி. டாக்டர் வீட்டில், இருந்த ஒரே நர்ஸ் அக்கா அன்று லீவு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாவுக்கு டிரிப்ஸ் இறங்காமல் நின்றது. போன் செய்தேன். "சிரிஞ்ச்ல தண்ணி எடுத்துத் தள்ளி விடு, போயிடும்" என்று பதில் வந்தது. தள்ளினேன். மருந்து நரம்புக்கு வெளியே போனது. புறங்கை வீங்கிப் பளபளவென்று ஆனது. அந்த அம்மா வலியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னா கண்ணு பண்ணே?" என்று கேட்டார். ஊசியை எடுத்துவிட்டு, கையை உயர்த்தித் தலையணை மேல் வைத்து, விடியும் வரை பக்கத்திலேயே நின்றேன். வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. எந்த நோட்டிலும் எழுதவும் இல்லை. அவர் கையைப் பற்றி அங்கே கவலைப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று தோன்றியபோது, இங்கே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சான்றிதழ்களைத் திருப்பி வாங்க அப்பா மூன்று முறை போனார். மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் அவருக்கு வேலை. ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளம் போயிற்று. மூன்றாவது முறை காலை ஒன்பது மணிக்குப் போய் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்தவர், மதியம் இரண்டரைக்குத்தான் எழுந்தார். கையில் கவர் இருந்தது. என் சம்பளத்தைக் கேட்க வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

பிறகு ஒரு மாதத்துக்கு மேல் பயோடேட்டாவோடு அலைந்தேன். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமே இல்லை. மின்சார ரயிலில் செங்கல்பட்டில் ஏறினால் அங்கே 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. தாம்பரம் சானடோரியத்தில் நெஞ்சக நோய் மருத்துவமனை, அதன் பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். குரோம்பேட்டை தாண்டும்வரை ரோட்டின் இரண்டு பக்கமும் தனியார் பலகைகள். ஆனால் ஆட்களும் அதிகம். 2021 ஜூன் 18 அன்று மத்திய அரசு கொரோனாவுக்காக ஆறு வகைக் குறுகிய காலப் பயிற்சிகளைத் தொடங்கி, ஒரு லட்சம் பேரைத் தயார் செய்யப் போவதாக அறிவித்தது. அந்தப் பயிற்சி முடித்தவர்கள், என்னைப் போல ஜி.டி.ஏ. முடித்தவர்கள், தனியாரிடம் பணம் கட்டி ஒரு வருட 'டிப்ளமா இன் நர்சிங் அசிஸ்டென்ட்' முடித்தவர்கள் எல்லோரும் அந்தச் சமயத்தில் ஒரே வாசல்களில்தான் நின்றோம். கொரோனா வார்டுகளை மூடிவிட்டிருந்தார்கள். டிப்ளமா முடித்த பெண்களில் சிலர் கடன் வாங்கிப் படித்தவர்கள். தங்களை நர்ஸ் என்று கவுன்சில் ஏற்காது என்பதே வேலை தேடும்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் ஒரு பெண், சான்றிதழில் அச்சடித்திருந்த முத்திரைகளை ஒவ்வொன்றாக என்னிடம் காட்டி, "இத்தனை இருக்கே அக்கா, இதுல ஒண்ணுகூடச் செல்லாதா?" என்று கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது.

அலைந்த நாட்களில் ஒரு மத்தியானம், தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி அந்த நெஞ்சக நோய் மருத்துவமனையின் மரநிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். எங்கள் பயிற்சி மேடம், ரிட்டயர்ட் ஸ்டாஃப் நர்ஸ், அந்த இடத்தின் கதையை வகுப்பில் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தொடங்கியது. 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தையே 1943இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை காசநோய்க்கு முக்கியமாகக் காற்று, வெளிச்சம், ஓய்வு, சாப்பாடு, சுத்தம். அதாவது, நோயாளியைப் படுக்க வைத்து, ஊட்டி, துடைத்து, சளிக் குவளையை எடுத்துக் கழுவி வைக்கிற கைகள்தான் அன்றைக்கு இருந்த வைத்தியம். பிறகு மருந்து வந்தது. சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் இருப்பவர்களுக்கு நிகராகவே குணமாகிறது என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. அதை மேடம் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கும்: "அன்னையிலேருந்து வார்டு வேலை பாதி வீட்டுக்குப் போயிடுச்சு. செய்யறது யாரு? பொண்டாட்டி, மருமக, பொண்ணு. அவங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் வீட்டு நர்சிங் ஏஜென்சியில் பெயர் கொடுக்கச் சம்மதித்தேன் என்று நினைக்கிறேன். பகல் 12 மணி நேரத்துக்கு வீட்டுக்காரர்கள் 750 ரூபாய் கொடுத்தார்கள், என் கைக்கு 500 வந்தது.

சேலையூரில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்து, பேச்சும் போய்விட்டது. வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை "சரி". பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. நான் அவரை ஐயா என்று கூப்பிட்டேன். ஒரு வாரத்தில் அவருடைய 'சரி'கள் எனக்குப் பிரிந்து கேட்க ஆரம்பித்தன. இழுத்துச் சொன்னால் சிறுநீர் வருகிறது. வெட்டிச் சொன்னால் போதும். இரண்டு முறை சொன்னால் ஜன்னலைத் திற.

வகுப்பில் படித்ததெல்லாம் அங்கேதான் கைக்கு வந்தது. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி நல்ல பக்கத்தில் இருக்க வேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றே கீழே தாழ்த்தச் சொல்லி, நல்ல பக்கத்துக் கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். முடிந்ததும் மறு கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தங்கினால் புரையேறும். தண்ணீரை விடக் கெட்டியான கஞ்சி அவருக்குப் பத்திரம். இதையெல்லாம் செய்யும்போது எனக்கு ஒருபோதும் பயம் வரவில்லை. டிரிப்ஸ் குழாயைப் பிடித்த அதே கைதான்.

அவருடைய மனைவிக்கு முதலில் என்னைப் பிடிக்கவில்லை. ஐயா தூங்கும் நேரத்தில் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கச் சொன்னார். ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார்கள். நான் அந்த அம்மாவிடம் போய், "ஐயாவோட துணி, டம்ளர், தட்டு எல்லாம் நானே பார்த்துக்கிறேன்மா. வீட்டு வேலை என்னுது இல்லை" என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அந்த ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் சொல்லாததை இங்கே சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை ஐயாவின் முதுகுக்குக் கீழே, வால் எலும்பு மேட்டில், ஒரு ரூபாய் காசு அளவு சிவப்பைப் பார்த்தேன். இரவில் யாரும் அவரைப் புரட்டுவதில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். முதலில் அந்த அம்மாவின் கையை விரலால் அழுத்தி எடுத்தேன்: வெளுத்து, பிறகு நிறம் திரும்பியது. அடுத்து ஐயாவின் சிவப்பை அழுத்தினேன். வெளுக்கவில்லை. "இதுதான்மா படுக்கைப்புண்ணோட முதல் படி. தோல் இன்னும் உடையலை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல தசை நசுங்கி ரத்தம் போகாம இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாத்திட்டா திரும்பிடும். மாத்தாட்டி எலும்பு வரைக்கும் போகும்." மசாஜ் செய்யலாமா என்று கேட்டார். கூடாது, நசுங்கிய இடத்தைத் தேய்த்தால் இன்னும் கெடும் என்றேன். பக்கவாட்டில் முழுக்கச் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சரிவாக வைக்கவும், முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் மடித்த போர்வை என்று வைக்கவும் காட்டிக் கொடுத்தேன்.

அந்த அம்மாவுக்கு வயது 68. அன்று இரவிலிருந்து செல்போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டார். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. வேலைக்காரப் பையனைத் துணைக்கு எழுப்பி, விரிப்போடு சேர்த்துப் புரட்டினார். ஐந்தாம் நாள் சிவப்பு மறைந்தது. அதற்குப் பிறகு எனக்குக் காபி அவரே போட்டுக் கொடுத்தார். "பாப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

83 நாள் அங்கே இருந்தேன். பிறகு மகன் அவர்களைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனார். கிளம்பும்போது அந்த அம்மா ஒரு கோடு போட்ட தாளில் கைப்பட எழுதிக் கொடுத்தார். என் பெயர், தேதிகள், செய்த வேலைகள், கடைசியில், 'இவள் வந்த பிறகு என் வீட்டுக்காரர் உடம்பில் ஒரு புண் வரவில்லை' என்று ஒரு வரி. ஐயா இடது கையால் கீழே கோணலாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளை நான் லேமினேட் செய்யவில்லை. பத்து ஜெராக்ஸ் எடுத்தேன். பயோடேட்டாவில் சான்றிதழுக்கு முன்னால் அதை வைத்தேன். டிசம்பரில் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். அறையில் ஐந்து நிமிடம்தான். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் என் தாள்களில் அந்தக் கடிதத்தை மட்டும் முழுதாகப் படித்தார். பிறகு வார்டுக்குக் கூட்டிப் போனார். எனக்கு முன்னால் இன்னொரு பெண், எனக்குப் பின்னால் ஒரு பையன், மூவருக்கும் ஒரே தேர்வு. படுக்கையில் ஒரு பருமனான பாட்டி. "இவங்களை மேல தூக்கிப் படுக்க வச்சு, இடது பக்கம் திருப்பு."

கை கழுவினேன். "பாட்டி, உங்களைக் கொஞ்சம் மேல நகர்த்தி, இந்தப் பக்கம் திருப்பப் போறேன், பரவாயில்லையா?" என்று கேட்டேன். கட்டில் சக்கரத்தின் பூட்டை மிதித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று ஒரு நொடி நின்றேன். எனக்கு முன்னால் வந்த பெண், பாட்டியின் அக்குளில் கை கொடுத்து ஒற்றை ஆளாக இழுத்திருந்தாள். இழுத்தால் தோல் மெத்தையில் உரசிக் கிழியும். என் முதுகும் போகும். "மேடம், ஒருத்தியா முடியாது. இன்னொரு ஆள் வேணும், டிரா ஷீட்டும் வேணும்" என்றேன்.

மேடம் எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கம் வந்து விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இருவருமாகத் தூக்கி நகர்த்தினோம். வேலை கிடைத்தது. பின்னால் ஒருநாள் அவரே சொன்னார், அந்தத் தேர்வில் அவர் எதிர்பார்ப்பது அந்த ஒரு கேள்வியைத்தான் என்று. துணைக்கு ஆள் கேட்கத் தெரியாதவள் ராத்திரி டியூட்டியில் நோயாளியையும் கீழே போடுவாள், தன் இடுப்பையும் ஒடித்துக்கொள்வாள் என்பது அவருடைய முப்பது வருடக் கணக்கு. சேர்ந்த அன்று அவர் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது: "இன்ஜெக்‌ஷன் டிரேயை நீ தொடக் கூடாது. யார் தொடச் சொன்னாலும் என்கிட்ட வந்து சொல்லு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைத் தாழ்த்திச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதே" என்றார். எனக்கு அப்போது விளக்கிச் சொல்லத் தெரியவில்லை.

சம்பளம் 11,000. ஒரிஜினல்களைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்தார்கள். அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை. இ.எஸ்.ஐ.க்கு என் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான், அம்மாவின் சர்க்கரைக்கு மாத்திரையும் அதில் கிடைக்கிறது. மஞ்சள்காமாலை பி தடுப்பூசியும் அங்கேயே போட்டார்கள்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என்று மூன்று தவணை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதைக் கேட்க மறக்கக் கூடாது. யாரோ விரிப்பில் விட்டுவிட்டுப் போன ஊசி, விரிப்பை மாற்றும் நம் கையில்தான் குத்தும். அப்படிக் குத்திவிட்டால் பயந்து மறைக்காமல் உடனே கழுவிவிட்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், முடிந்தபின் வீட்டுக்கு எப்படிப் போவது. எனக்கு மதிய ஷிஃப்ட் எட்டு மணிக்கு முடியும். ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடித்து, காட்டாங்குளத்தூரில் இறங்கும்போது ஸ்டேஷனில் ஆள் குறைந்திருக்கும். அப்பா டார்ச்சோடு நிற்பார். நல்ல சம்பளம் என்று சேர்ந்து, இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு மாதத்தில் விட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

வார்டில் என் வேலையை யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். அது நடக்காமல் போனால்தான் தெரியும். சேர்ந்த இரண்டாவது மாதம், ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவர். 60 கிலோ எடை. காலை ஏழு மணிக்கு டியூட்டி எடுக்கும்போது அவருடைய சிறுநீர்ப் பையைக் காலி செய்து எழுதியிருந்தார்கள். பத்து மணிக்குப் பார்த்தேன், 40 மில்லி. பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது இறங்க வேண்டும் என்பது பாடம். மூன்று மணி நேரத்தில் 90 வந்திருக்க வேண்டும். குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பை சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் தொங்கியது. அவர் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு நெளிந்தார். சிஸ்டரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டார். குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. சரி செய்ததும் 600 மில்லிக்கு மேல் வந்தது. சரி செய்தது அவர்கள். நான் செய்தது அளந்ததும் சொன்னதும்தான். அந்த 40 என்ற எண்ணை, எல்லோரும் எழுதுவது போல 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால், அந்த மனிதர் இன்னும் எத்தனை மணி நேரம் நெளிந்திருப்பார் என்று ரயிலில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

இப்போது எனக்கு அந்த வார்டில் மூன்றாவது வருடம். புதிதாகச் சேரும் ஜி.டி.ஏ. பிள்ளைகளை முதல் வாரம் என்னோடு விடுகிறார்கள். வருகிறவர்கள் சிங்கப்பெருமாள்கோயில், ஊரப்பாக்கம், மதுராந்தகம் பக்கத்துப் பிள்ளைகள். பலர் ஏற்கெனவே எங்கேயோ ஊசி போட்டுவிட்டு வந்தவர்கள், "எனக்கு ஐ.வி.கூடப் போடத் தெரியும் அக்கா" என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் அவர்களைக் கோபிப்பதில்லை. அந்த வெள்ளைக் கோட் எனக்கும் நன்றாக இருந்தது.

நைட் டியூட்டியில் ஒரு படுக்கை காலியாக இருந்தால், சூப்பரின்டெண்டென்ட் மேடத்திடம் அனுமதி வாங்கி நான் ஒன்று செய்வேன். புதுப் பெண்ணை அதில் மல்லாந்து படுக்கச் சொல்வேன். கை, கால், இடுப்பு எதையும் அசைக்கக் கூடாது, தூங்கவும் கூடாது. எவ்வளவு நேரம் அக்கா என்று கேட்பார்கள். ரெண்டு மணி நேரம் என்பேன். சிரிப்பார்கள். நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

போன வாரம் வந்த பெண், டிப்ளமா முடித்தவள், பிடிவாதக்காரி. இருபது நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணியில் உதட்டைக் கடித்தாள். நாற்பத்தைந்தாவது நிமிடம், நான் பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தாவுக்குத் தலையணை மாற்றிக்கொண்டிருந்தபோது, மெல்லக் கூப்பிட்டாள்.

"அக்கா, குதிகால் எரியுது."

"எந்தக் கால்?"

"ரெண்டும். அப்புறம் இடுப்பு எலும்பு."

எழுந்து வரச் சொன்னேன். குதிகாலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான் சொல்லாமலே கை கழுவினாள். தாத்தாவின் போர்வையை விலக்கி, அவருடைய குதிகால்களைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.